திதிப் பலகை: பிறைகளையும் நிலவின் ஒரே முகத்தையும் மேசை மேல் செய்து பார்ப்பது

ஒரு விளக்கு, ஒரு தெர்மாகோல் பந்து, ஒரு குச்சி. பிறைகளை விளக்கப் பள்ளிகளில் வழக்கமாகச் செய்வது இவ்வளவுதான். செய்பவர் நடுவில் நின்று பந்தை நீட்டிய கையில் பிடித்துச் சுற்றுவார். இந்த ஏற்பாட்டில் மூன்று கோளாறுகள் உண்டு. விளக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் அரைநிலா தவறான கோணத்தில் வரும். பௌர்ணமி வரவேண்டிய இடத்தில் நம் தலை நிழல் விழுந்து கிரகணம் வந்துவிடும். கை நீட்டிய நீளம் மாறாததால், நிலவு ஒரே முகத்தைக் காட்டினாலும் லேசாகத் தலையை ஆட்டுகிறது என்பது தெரியவே தெரியாது. கீழே சொல்லும் பலகை இந்த மூன்றையும் சரிசெய்யத்தான். 70 செ.மீ. சதுர பிளைவுட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

விளக்கின் தூரம்

அரைநிலா என்றால் நிலவின் இடத்தில் நின்று பார்க்கையில் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே சரியாக 90 பாகை இருக்கும் நேரம். பூமியிலிருந்து பார்க்கும் கோணம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு குறைவு என்பது பந்தின் தூரத்துக்கும் விளக்கின் தூரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. கை நீளம் 60 செ.மீ., விளக்கு 1.5 மீட்டரில் இருந்தால் விகிதம் 0.4, அரைநிலா 66 பாகையிலேயே வந்துவிடும். பஞ்சாங்கக் கணக்கில் அது சஷ்டி. வானத்திலோ அரைநிலா அஷ்டமியின் நடுவில் வரும். வகுப்பில் யாராவது நோட்டில் கோணம் குறித்துப் பார்த்தால் அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும்.

உண்மையான விகிதம் 3,84,400 கி.மீ.க்கு சுமார் 15 கோடி கி.மீ. அரைநிலாக் கோணம் 89.85 பாகை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் அரிஸ்டார்க்கஸ் இதே கோணத்தை 87 பாகை என்று வைத்துக்கொண்டு, சூரியன் நிலவைவிடச் சுமார் 19 மடங்கு தூரத்தில் உள்ளது என்று கணக்கிட்டார். உண்மையில் 390 மடங்குக்குக் கிட்டத்தட்ட. மூன்று பாகைக்கும் குறைவான பிழை விடையை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டது. வழி சரி, அளப்பதுதான் கடினம்.

நம் பலகையில் பந்து மையத்திலிருந்து 25 செ.மீ. தூரத்தில் சுற்றும். விளக்கை 3 மீட்டரில் வைத்தால் அரைநிலா 85 பாகையில் வரும். 5 பாகைப் பிழை. அறை அதற்கு மேல் இடம் கொடுத்தால் இன்னும் தள்ளி வைக்கலாம். ஒரு மீட்டருக்குக் குறுக்கினால் 75 பாகைக்கு இறங்கிவிடும்.

விளக்காக 9 வாட் எல்இடி பல்பு வேண்டாம். அதன் பால்வெள்ளை மூடி பெரிய ஒளிப்பரப்பு. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோடு மங்கிவிடும், சுவரெல்லாம் வெளிச்சம் ஆகிவிடும். பட்டைப் பட்டையாகப் பல எல்இடி உள்ள டார்ச்சும் ஆகாது, நிழல் பல விளிம்புகளோடு விழும். செல்போனின் பிளாஷ் விளக்கே சிறந்தது: சிறு புள்ளி, வெளிச்சம் முன்பக்கம் மட்டும். ஒற்றை எல்இடி டார்ச் என்றால் முன்னால் உள்ள லென்ஸையும் பளபளப்பான குழிவுத் தட்டையும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் பந்தின் மேல் வளையம் வளையமாக ஒளி விழும்.

மரவேலை

தேவையானவை: 70 செ.மீ. சதுரத்தில் 12 மி.மீ. பிளைவுட் அடிப்பலகை, அதே தடிமனில் 247 மி.மீ. ஆரமுள்ள வட்டம், 6 மி.மீ. பிளைவுட்டில் 30 செ.மீ. நீளம் 4 செ.மீ. அகலத்தில் ஒரு கை; 608 எண் பேரிங் ஒன்று; 8 மி.மீ. திரெட்ராடு 12 செ.மீ. துண்டு, அதற்கு ஆறேழு நட்டு, வாஷர், 6 மி.மீ. வழவழப்பான இரும்புக் கம்பி 11 செ.மீ.; 6 மி.மீ. போல்ட்டு ஒன்று, 3 மி.மீ. அலுமினியப் பட்டை 5 செ.மீ.; 75 மி.மீ. தெர்மாகோல் பந்து, ரப்பர் பேண்ட், கரும்பலகை பெயிண்ட்.

வட்டத்தை அடிப்பலகையின் நடுவில் திருகி இறுக்கவும். வட்டத்தின் மையத்தைப் பென்சிலால் குறித்து, அதன் வழியாக ஒரு நேர்கோடு இழுத்து, மையத்திலிருந்து ஒரு பக்கம் 14 மி.மீ. தள்ளி ஒரு புள்ளி, மறுபக்கம் 14 மி.மீ. தள்ளி இன்னொரு புள்ளி வைக்கவும். முதல் புள்ளியில் கை சுழலும். இரண்டாவது புள்ளிதான் பூமி. இந்தப் பலகையின் சூட்சுமம் முழுக்க அந்த 28 மி.மீ. இடைவெளியில் இருக்கிறது.

காரணம் இதுதான். நிலவின் பாதை நீள்வட்டம். அதன் மையப்பிறழ்வு (நடுவிலிருந்து பூமி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்ற விகிதம்) 0.0549. இவ்வளவு சிறிய பிறழ்வுள்ள நீள்வட்டத்தைக் கண்ணால் பார்த்து வட்டத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது, ஆனால் பூமி அதன் நடுவில் இல்லை. 250 மி.மீ. ஆரத்துக்கு 0.0549 மடங்கு என்றால் 13.7 மி.மீ.; ரம்பத்துக்கும் துளைக்கும் தோதாக 14 என்று வைத்துக்கொள்ளலாம். பூமி ஒரு குவியத்தில் (நடுவுக்கு இருபக்கமும் சம தூரத்தில் உள்ள இரு புள்ளிகளில் ஒன்றில்) இருக்கிறது. மறு குவியம் காலி. நிலவின் தன்சுழற்சி சீரானது, சுற்றுப்பாதையில் ஓடும் வேகம் சீரானதல்ல: பூமிக்கு அருகில் வரும்போது வேகம் கூடும், தொலைவில் குறையும். காலிக் குவியத்தில் நின்று பார்த்தால் மட்டும் நிலவு ஏறத்தாழ சீரான கோணவேகத்தில் நகர்வதாகத் தெரியும். ஆகவே காலிக் குவியத்தில் சுழலும் கை ஒன்றில் பந்தை ஆடாமல் பொருத்திவிட்டால் தன்சுழற்சி, பாதை வேகம் இரண்டும் தானாகவே சரியாக அமைந்துவிடும். பற்சக்கரம் எதுவும் தேவையில்லை.

முதல் புள்ளியில் 8 மி.மீ. துளை போட்டு திரெட்ராடை நுழைத்து, அடிப்பலகைக்குக் கீழும் வட்டத்துக்கு மேலும் நட்டு வைத்து இறுக்கவும். ராடு சுழலக்கூடாது. மேல் நட்டின் மீது இன்னொரு நட்டும் வாஷரும் போட்டால் வட்டத்துக்கும் கைக்கும் இடையே 15 மி.மீ. இடைவெளி கிடைக்கும். கையின் ஒரு முனையில் 22 மி.மீ. துளையிட்டு பேரிங்கை அடித்துப் பொருத்தவும். துளை சற்றுப் பெரிதாகிவிட்டால் எபாக்ஸி பசை கொண்டு சரிசெய்யலாம், ஆனால் பசை பேரிங்கின் உள்ளே இறங்கக்கூடாது. பேரிங்கின் உள்வளையம் மட்டும் நட்டுகளுக்கு இடையே இறுக வேண்டும். பெரிய வாஷர் போட்டால் வெளிவளையத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கை திரும்பாது. அந்த இடத்தில் சிறிய வாஷர் போடுங்கள்.

கையில், சுழலும் புள்ளியிலிருந்து 205 மி.மீ. முதல் 270 மி.மீ. வரை 6 மி.மீ. அகலத்தில் நீளத் துளை வேண்டும். வரிசையாக 6 மி.மீ. துளைகள் போட்டு, இடையில் உள்ளதை அரத்தால் ராவி நேராக்கிக்கொள்வது எளிது. 5 செ.மீ. நீளம், 2 செ.மீ. உயரமுள்ள மரக்கட்டை ஒன்று கையின் மேல் உட்கார்ந்து இந்தத் துளையில் முன்னும் பின்னும் நழுவும். கட்டையின் வெளிமுனையில் 6 மி.மீ. கம்பி செங்குத்தாக இறங்கி வட்டத்தின் விளிம்பைத் தொடும். உள்முனையில், 25 மி.மீ. தள்ளி, 6 மி.மீ. போல்ட்டு துளைக்குள் இறங்கி, கட்டை திரும்பிவிடாமல் காக்கும். கட்டையிலிருந்து கையின் உள்பக்கம் அறைந்த ஒரு திருகாணிக்கு ரப்பர் பேண்ட் மாட்டினால் கம்பி விளிம்பை விட்டு விலகாது. கம்பியின் தடிமன் 6 மி.மீ. என்பதால்தான் வட்டத்தின் ஆரம் 247. கம்பியின் நடு சரியாக 250இல் ஓடும். வட்டத்தின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெழுகுவத்தியால் தேய்த்துவிடுங்கள். ஜிக்சா விட்ட பல் அடையாளம் மிச்சம் இருந்தால் நிலவு ஒவ்வொரு பல்லிலும் குதிக்கும்.

ராடின் மேல்முனையில் அலுமினியப் பட்டையை நட்டுகளுக்கு இடையே இறுக்கி, 28 மி.மீ. தள்ளி, பூமிப் புள்ளிக்கு நேர் மேலே, ஒரு சன்னக் கம்பியை நிறுத்தி அதன் தலையில் 1 செ.மீ. வளையம் செய்யவும். அதுதான் பூமி. பந்தை வைத்தால் பௌர்ணமியன்று நிழல் விழும். வளையம் என்றால் அதன் வழியே பார்க்கவும் செய்யலாம். வளையமும் பந்தின் நடுவும் ஒரே மட்டத்தில், கையிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும்.

எல்லாம் பொருந்துகிறது என்று உறுதியானதும் கழற்றி, பந்தைத் தவிர அத்தனைக்கும் கரும்பலகை பெயிண்ட் இரண்டு பூச்சு. வெறும் பிளைவுட் நிறமே பந்தின் இருண்ட பக்கத்தை வெளுக்கச் செய்யும். வானத்திலும் இது நடக்கிறது, மூன்றாம் பிறையன்று நிலவின் இருண்ட வட்டம் மங்கலாகத் தெரிவது பூமியில் பட்டுத் திரும்பிய ஒளியால்தான். ஆனால் பலகை அதைப் பல மடங்கு மிகைப்படுத்திவிடும். பின்சுவர் வெள்ளையாக இருந்தால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள்.

பந்து

தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயிண்ட்டோ தின்னர் கலந்த பெயிண்ட்டோ பட்டால் கரைந்து குழி விழுந்துவிடும். ரப்பர் பசையும் அப்படியே. தண்ணீரில் கரையும் எமல்ஷன், ஒட்டுவதற்கு ஃபெவிகால். பந்தின் மேற்பரப்பில் உள்ள மணிகள் தெரியாமல் இருக்க ஃபெவிகாலோடு சாக்குக் கட்டிப் பொடியைக் குழைத்து ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் மேட் வெள்ளையாகிவிடும். டேபிள் டென்னிஸ் பந்து சிறியது என்பதோடு ஒளி ஊடுருவும். அதுதான் கிடைத்தது என்றால் முதலில் கறுப்பு அடித்து அதன்மேல் வெள்ளை அடிக்க வேண்டும்.

கம்பியில் பந்தைச் செருகி, பூமி இருக்கும் பக்கம், சரியாகக் கையின் நேர்கோட்டில், சிவப்புக் குண்டூசி ஒன்று குத்தவும். இது நிலவின் நடு. இதிலிருந்து வலப்பக்கம் 39 மி.மீ., மேலே 11 மி.மீ. என்ற இடத்தில் 12 மி.மீ. அகலக் கரும்புள்ளி வரையவும். இது மேர் கிரிசியம் என்ற கருமையான சமவெளி. நிலவின் கிழக்கு விளிம்பருகே தனியாக நிற்பதால் வெறும் கண்ணுக்கே தெரியும். பின்பக்கம் முழுக்க நீல நிறம் அடித்துவிடலாம். அந்தப் பக்கத்தை மனிதர் முதலில் பார்த்தது 1959 அக்டோபரில், சோவியத் லூனா 3 எடுத்த படங்களில்தான்.

அளவு விகிதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 75 மி.மீ. நிலவுக்கு பூமி 27.5 செ.மீ., இடைத் தூரம் 8.3 மீட்டர். பலகையில் அதைக் கொண்டுவர முடியாது, முயலவும் வேண்டாம். இந்தப் பலகையில் கோணங்கள் மட்டுமே உண்மை.

திதி வளையம்

சார்ட் பேப்பரில் 30 செ.மீ. ஆரமுள்ள வளையம் வெட்டி, 12 பாகைக்கு ஒரு கோடு என்று 30 பங்காகப் பிரிக்கவும். ஒவ்வொரு பங்கும் ஒரு திதி. திதி என்பதே சூரியனிலிருந்து நிலவு விலகியிருக்கும் கோணத்தை 12ஆல் வகுத்ததுதான்: விலகல் 0 முதல் 12 வரை வளர்பிறைப் பிரதமை, 84 முதல் 96 வரை அஷ்டமி, பௌர்ணமித் திதி முடியும் கணத்தில் 180. அமாவாசைத் திதி முடியும் கணத்தில் 360, அதாவது மறுபடி பூஜ்யம். வேறெந்த மொழிப் புத்தகத்தைப் பார்த்தும் விலகல் கோணம் தேட வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் திதி முடியும் நேரத்தில் சில மணி நேரம் வேறுபடும். இந்தச் சோதனைக்குத் திருக்கணிதத்தைப் பாருங்கள்.

வளையத்தின் மையம் பூமிப் புள்ளியில் இருக்க வேண்டும், கை சுழலும் புள்ளியில் அல்ல. பலரும் இங்கே சறுக்குவார்கள். பூஜ்யக் கோட்டை விளக்கை நோக்கித் திருப்பி, போர்டு பின் கொண்டு குத்தவும். பூமி வளையத்தின் அடியில் ஒரு கறுப்பு நூல் கட்டி, நிலவுக் கம்பியை ஒட்டி இழுத்துப் பிடித்தால் நூல் தொடும் கோடுதான் திதி.

இன்னொரு அளவுகோலை வட்டத்தின் மேலேயே வரையவும், இதற்கு மையம் கை சுழலும் புள்ளி. நிலவு ஒரு நட்சத்திரத்தை விட்டு மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர 27.32 நாள் ஆகிறது, எனவே ஒரு நாளைக்கு 13.2 பாகை. பூமி நிலவுக்கு மிக அருகில் வரும் திசையில், அதாவது பட்டை நீட்டிக்கொண்டிருக்கும் திசையில், நாள் பூஜ்யம். கை இடஞ்சுழியாகப் போக வேண்டும். வடக்கிலிருந்து பார்த்தால் நிலவு அப்படித்தான் போகிறது.

இப்போது கையை 7ஆம் நாளுக்குத் தள்ளுங்கள். வட்டத்தின் மேல் 92 பாகை. நூலை இழுத்துப் பார்த்தால் பூமியிலிருந்து கோணம் 98, 99 என்று காட்டும். நிலவு சராசரியைவிட ஆறு பாகைக்கு மேல் முந்திவிட்டது. திதிகள் ஒரே நீளமாக இல்லாமல் ஒன்று 20 மணி நேரத்தில் முடிவதும் இன்னொன்று 26 மணி வரை இழுப்பதும் இதனால்தான்.

விளக்குப் போட்டுப் பார்க்கும்போது

பூமி வளையத்துக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்த்தால் அமாவாசை முதல் அரைநிலா தாண்டும் வரை சிக்கல் இல்லை. பௌர்ணமியை நெருங்கும்போது நம் தலை விளக்கை மறைக்கும். தலைக்கு மேல் ஒளி போக வேண்டுமானால் விளக்கை முக்கால் மீட்டருக்கும் மேல் உயர்த்த வேண்டும். அப்போது முழுநிலாவின் அடிப்பகுதி இருட்டாகவே நிற்கும். கண்ணுக்குப் பதில் செல்போன் கேமராவை வைப்பது மேல். கேமரா போனின் மேல் மூலையில் இருப்பதால் போனின் உடல் வளையத்துக்குக் கீழேயே இருந்துவிடும். வளையத்துக்கு 10 செ.மீ. பின்னால் போனை நிறுத்தி, விளக்கைப் பந்தின் மட்டத்திலிருந்து 45 செ.மீ. உயர்த்தினால் போதும். வெளிச்ச அளவைப் பந்தின் ஒளிபட்ட பகுதியில் அழுத்திப் பூட்டிவிடுங்கள், தானியங்கியில் விட்டால் இருண்ட பகுதியை வெளுக்க வைத்துவிடும்.

பௌர்ணமியன்று நிழல் விழாமல் இருப்பதற்கு வானத்தில் என்ன ஏற்பாடு என்று இந்த இடத்தில் கட்டாயம் யாராவது கேட்பார்கள். நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு 5.1 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் நிலவு அந்தத் தளத்துக்கு மேலோ கீழோ 34,000 கி.மீ.க்கு மேல் விலகிப் போக முடியும். நிலவு இருக்கும் தூரத்தில் பூமியின் முழுநிழலின் அகலம் சுமார் 9,200 கி.மீ. மட்டுமே. பெரும்பாலான பௌர்ணமிகள் நிழலைத் தவறவிடுவதில் ஆச்சரியமில்லை. தேய்வதும் வளர்வதும் பூமியின் நிழலால் என்று நம்புபவரிடம் பகல் நிலவைக் காட்டினாலே போதும்: சூரியனும் அரைநிலாவும் ஒரே வானில் நிற்கும்போது பூமியின் நிழல் எங்கே வந்து விழும்?

படத்தில் ஒளிபட்ட பகுதியின் அகலத்தை விட்டத்தோடு ஒப்பிடலாம். விலகல் 60 பாகை என்றால் விட்டத்தில் கால் பங்கு, 90க்குப் பாதி, 120க்கு முக்கால், 30க்கு வெறும் 7 சதவீதம். கோணம் சீராக வளர்ந்தாலும் அகலம் சீராக வளராது. சப்தமிக்கும் நவமிக்கும் இடையே நிலவு கண்கூடாகப் பெருப்பதும், பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் மாறாதது போலத் தெரிவதும் இதனால்தான்.

ஒரு முழுச் சுற்று முடித்துக் கை அதே இடத்துக்கு வந்துவிட்டால் மாதம் முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். 27.32 நாளில் பூமி சூரியனைச் சுற்றி 27 பாகை நகர்ந்திருக்கும். விளக்கையும் திதி வளையத்தையும் இடஞ்சுழியாக 27 பாகை தள்ளிவைத்துப் பாருங்கள், அமாவாசை வர இன்னும் இரண்டு நாளுக்கு மேல் கையைத் தள்ள வேண்டியிருக்கும். 29.53 நாள் என்ற சந்திர மாதம் அங்கிருந்து வருகிறது.

சுற்றுகிறதா, சுற்றவில்லையா

ஒரே முகம் தெரிகிறது என்றால் நிலவு தன்னைத்தானே சுற்றவில்லை என்றுதானே அர்த்தம்? பலகையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் இப்படித்தான் சொல்வார்கள். கருவறையை வலம் வருபவரின் வலக்கை எப்போதும் சுவாமி பக்கமே இருக்கும். ஆனால் அவர் ஒரு சுற்றில் நான்கு திசையையும் பார்த்துவிட்டார், அதாவது தாமும் ஒரு முறை திரும்பிவிட்டார். இதைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துவிடும். புரியாதவர்களுக்கு, சுற்றாத நிலவு எப்படி இருக்கும் என்று பலகையிலேயே காட்டலாம்.

4 செ.மீ. விட்டமுள்ள, ஒரே அளவான இரண்டு மரநூற்கண்டு உருளைகள் வேண்டும். ஒன்றை நடு ராடில் நட்டுகளுக்கு இடையே அசையாமல் இறுக்கவும். இன்னொன்றை நிலவுக் கம்பியில் தளர்வாக மாட்டி, பந்தை அதன் மேல் ஒட்டவும். இரண்டையும் வட்டமான எலாஸ்டிக் கயிறு ஒன்றால், குறுக்கே மாற்றாமல், இணைக்கவும். இப்போது கையைச் சுற்றினால் சிவப்புக் குண்டூசி எப்போதும் அறையின் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூமி வளையத்திலிருந்து பார்த்தாலோ ஒரு மாதத்தில் பந்தின் முன், பின், நீலப் பகுதி எல்லாமே தெரிந்துவிடும். சுற்றாத நிலவு நமக்கு எல்லா முகத்தையும் காட்டும். எலாஸ்டிக் வழுக்கினால் ஊசி மெல்ல நகர ஆரம்பிக்கும். உருளையில் சாக்குப் பொடி தடவி, ஒரு சுற்று முடிந்ததும் ஊசி பழைய சுவருக்கே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளவும். உருளைகளில் ஒன்று அரை மி.மீ. பெரிதாக இருந்தாலும் இதே நகர்வு வரும்.

நிலவின் தன்சுழற்சியும் அது பூமியைச் சுற்றுவதும் ஏன் ஒத்துப்போயின என்பதைக் காந்தத்தை வைத்துக் காட்டும் செய்முறைகள் உண்டு. அவை தவறான காரணத்தை மனதில் பதிக்கின்றன. இங்கே எந்த முகத்துக்கும் தனி ஈர்ப்பு கிடையாது. இருப்பது ஈர்ப்பின் வித்தியாசம். பூமியின் பக்கம் உள்ள நிலவுப் பகுதியைப் பூமி கூடுதலாக இழுக்கிறது, எதிர்ப்பக்கத்தைக் குறைவாக. அதனால் நிலவு பூமியை நோக்கிய கோட்டில் மிகச் சிறிதளவு நீண்டு புடைக்கிறது. ஆதியில் நிலவு வேகமாகச் சுழன்றபோது அந்தப் புடைப்பு சுழற்சியோடு முன்னால் இழுத்துச் செல்லப்பட்டது. பூமி அதைப் பின்னுக்கு இழுத்தது. பாறைக்குள் ஏற்பட்ட உராய்வு வெப்பமாக வெளியேறி, சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து, சுற்றும் வேகமும் சுழலும் வேகமும் ஒன்றானதும் புடைப்பை இழுக்க எதுவும் மிஞ்சவில்லை. சுழற்சி இன்னும் குறைவாக இருந்திருந்தால் இதே இழுப்பு அதை வேகப்படுத்தி அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். பூமியின் மீதும் இதே வேலை நடக்கிறது: பூமியின் சுழற்சி குறைய, நிலவு ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப்போகிறது. அப்போலோ 11, 14, 15 பயணங்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளுக்கு லேசர் அனுப்பி அளந்த கணக்கு அது. புளூட்டோவும் அதன் துணையான சாரனும் ஒருபடி மேலே போய், இரண்டுமே ஒன்றுக்கொன்று ஒரே முகம் காட்டி நிற்கின்றன.

தலையாட்டல்

எலாஸ்டிக்கைக் கழற்றி, பந்தைக் கம்பியில் இறுக்கி, வளையத்தின் வழியே சிவப்புக் குண்டூசியைப் பார்த்தபடி கையை மெதுவாகச் சுற்றுங்கள். நாள் பூஜ்யத்தில் ஊசி நடுவில். 7ஆம் நாளை நெருங்கும்போது 4 மி.மீ. ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும், 14இல் மறுபடி நடுவுக்கு வரும், 20, 21இல் எதிர்ப்பக்கம் 4 மி.மீ. கோணத்தில் 6.4 பாகை. இது தெரியவில்லை என்றால் ஊசி கைக்கு நேராகக் குத்தப்படவில்லை. நாள் பூஜ்யத்தில் நிறுத்திப் பந்தைத் திருப்பிச் சரிசெய்யவும். ஒரு பக்கம் 4, மறுபக்கம் 2 என்று வந்தால் பூமி வளையக் கம்பி வளைந்திருக்கிறது.

வானத்தில் இந்தப் பக்கவாட்டு ஆட்டம், சூரியனின் இழுப்பும் சேர்ந்து, கிட்டத்தட்ட 8 பாகை வரை போகும். மேலும் கீழுமாக இன்னொரு ஆட்டம் உண்டு: நிலவின் அச்சு அதன் பாதைக்குச் செங்குத்திலிருந்து 6.7 பாகை சாய்ந்திருப்பதால், மாதத்தில் ஒரு முறை வடதுருவத்துக்கு அப்பாலும் ஒரு முறை தென்துருவத்துக்கு அப்பாலும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறோம். பந்தைச் சாய்த்துக் கையிலேயே இறுக்கிவிட்டால் இது வராது. சாய்வும் கையோடு சேர்ந்து சுற்றி, எப்போதும் ஒரே துருவத்தைக் காட்டும். சாய்வின் திசை அறையைப் பொறுத்து மாறாமல் நிற்க வேண்டும். எலாஸ்டிக் மாட்டிய உருளையில், 10 செ.மீ. உயரத்தில் 12 மி.மீ. ஒதுங்கும்படி வளைத்த சைக்கிள் ஸ்போக்கைச் செருகி, பந்தை அதில் தளர்வாக மாட்டி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊசி பூமியைப் பார்க்கும்படி கையால் திருப்பிக்கொள்ளுங்கள். கால் சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தினால் போதும். இரண்டு ஆட்டமும் சேர்ந்துதான் நிலவின் பரப்பில் பாதிக்குப் பதில் 59 சதவீதத்தை இங்கிருந்தே பார்த்துவிட முடிகிறது.

சந்திரயான்-3ஐப் பந்தில் வைப்பது

அது இறங்கிய இடம் தென் அட்சரேகை 69.4, கிழக்கு தீர்க்கரேகை 32.3. நடு ஊசிக்குக் கீழே 69 பாகை, அதாவது பந்தின் மேல் நாடா வைத்து அளந்தால் 45 மி.மீ., அங்கிருந்து வலப்பக்கம் 7 மி.மீ.; ஒரு மஞ்சள் ஊசி. விளக்கைப் போட்டுக் கையை நகர்த்தினால் வளர்பிறைப் பஞ்சமியை ஒட்டி மஞ்சள் ஊசிக்குப் பொழுது விடியும், தேய்பிறைப் பஞ்சமியை ஒட்டிப் பொழுது சாயும். சந்திரயான்-3இன் தரையிறங்கி விக்ரம் இறங்கியது 2023 ஆகஸ்ட் 23 மாலை, சப்தமி. அங்கே காலை நேரம். உறக்க நிலைக்கு அனுப்பப்பட்டது செப்டம்பர் 4, தேய்பிறைப் பஞ்சமி. சூரிய மின்தகட்டில் ஓடும் வண்டிக்கு ஏன் அந்தத் தேதிகள் என்பதற்குப் பலகையில் வேறு விளக்கமே தேவைப்படாது. பந்தின் பின்பக்க நீலப் பகுதியும் அமாவாசையன்று முழு வெளிச்சத்தில் நிற்பதை இதே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். அதை இருண்ட பக்கம் என்று சொல்வது பொருந்தாது.

வெளியே கொண்டுபோய்ச் சரிபார்ப்பது

பந்தை மட்டும் கழற்றி வெயிலில் எடுத்துப் போங்கள். வளர்பிறை சஷ்டி முதல் தசமி வரை மாலை 4 மணிக்கும், தேய்பிறை சஷ்டி முதல் தசமி வரை காலை 8 மணிக்கும் நிலவும் சூரியனும் சேர்ந்து வானில் இருக்கும். பந்தை நிலவுக்குப் பக்கத்தில், அதே திசையில் நீட்டிப் பிடித்தால் பந்தின் மேல் விழும் வெயில் நிலவின் அதே வடிவத்தை, அதே சாய்வோடு காட்டும். விளக்கின் தூரப் பிழை இங்கே இல்லை. பலகை முழுவதும் செய்ய நேரம் இல்லாதவர்கள் இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும்.

புத்தகப் படங்களில் பிறை செங்குத்தாக நிற்கும். அவை வடக்கே தொலைவில் உள்ள நாடுகளுக்கு வரைந்தவை. 8 முதல் 13 பாகை அட்சரேகையில் உள்ள நமக்கு மாசி, பங்குனி மாலைகளில் மூன்றாம் பிறை ஏறக்குறையப் படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். ஆவணி, புரட்டாசியில் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். ஒளிபட்ட முதுகு எப்போதும் மறைந்த சூரியன் இருக்கும் பக்கம் பார்க்கும், அதைத் தவிர வேறு விதி இல்லை.

தலையாட்டலை வானத்தில் பிடிக்க 10×50 பைனாகுலரும் செல்போனும் போதும். மேர் கிரிசியம் கிழக்கில் உதிக்கும் முழுநிலாவில் மேற்பக்கம் இருக்கும், மேற்கில் மறையும்போது கீழ்ப்பக்கம். வரைபடத்தில் இருப்பது போல வலது மேல் மூலையில் தேடினால் கிடைக்காது. கரும்புள்ளியின் வெளி ஓரத்துக்கும் நிலவின் விளிம்புக்கும் உள்ள வெள்ளை இடைவெளியை, கரும்புள்ளியின் அகலத்தோடு ஒப்பிட்டு அளக்கவும். ஆட்டம் ஒரு கோடியில் இருக்கும்போது இடைவெளி அகலத்தில் பாதி இருக்கும். மறுகோடியில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரே மாதத்துக்குள் இரண்டு கோடியும் சிக்குவது கடினம், ஏனென்றால் மேர் கிரிசியத்துக்கு வெயில் இருப்பது மூன்றாம் பிறை தாண்டியதிலிருந்து பௌர்ணமி கழிந்து இரண்டு மூன்று நாள் வரை மட்டும். அதனால் ஒவ்வொரு மாதமும் தசமியன்று ஒரு படம் என்று ஏழெட்டு மாதம் சேர்த்துக்கொள்வது நல்லது. பைனாகுலரை முக்காலியில் கட்டி, போனின் ஜூமைத் தொடாமல், எல்லாப் படத்தையும் ஒரே அமைப்பில் எடுத்தால் நிலவின் விட்டத்தைப் பிக்சலில் எண்ணி, அது அருகில் வந்ததையும் தள்ளிப்போனதையும் அதே படங்களிலிருந்து கணக்கிட்டுவிடலாம். மிகப் பெரிய நிலவுக்கும் மிகச் சிறியதற்கும் 14 சதவீதம் வரை வித்தியாசம் வரும்.